‘மனி’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்காவில், ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்திருப்போம். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகள் நான்கைந்து பேர் சுற்றி இருப்பார்கள். "அண்ணே, ஆபீஸ்ல பேச நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் கொடுங்க" என்பார்கள். நான் எப்போதும் பணத்தில்தான் தொடங்குவேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

2009-இல் துவாஸில் ஒரு கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வந்தேன். நாள் சம்பளம் 18 வெள்ளி, அதாவது 18 சிங்கப்பூர் டாலர். சம்பளச் சீட்டு கிடையாது. பழுப்பு உறையில் ரொக்கம், உறைமேல் பென்சிலில் ஓர் எண், அவ்வளவுதான். இரண்டாவது மாதம் ஓவர்டைம் காசு குறைந்திருந்தது. ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அம்மாவிடம் போய், "மேடம், மை மனி நாட் இனஃப்" என்றேன். அவர் இரக்கப்பட்டு 50 வெள்ளி எடுத்துக் கொடுத்தார். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அந்த 50 வெள்ளியைப் பிடித்துவிட்டார்கள். நான் கேட்டது எனக்கு வர வேண்டிய பாக்கி. அவர் காதில் விழுந்ததோ, செலவுக்குப் பணம் போதவில்லை, முன்பணம் வேண்டும் என்பது. அந்த ஓவர்டைம் காசு கடைசிவரை வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: வேலை செய்யும் இடத்தில் ‘மனி’ என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். எந்தப் பணம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதல் பெயர் ‘சேலரி’. ‘பே’ என்றாலும் அதேதான். அதற்குள்ளே மூன்று சொற்கள் இருக்கின்றன. ‘பேசிக்’ என்பது அடிப்படைச் சம்பளம். ‘கிராஸ்’ என்பது எல்லாம் சேர்த்த மொத்தம். ‘நெட் பே’ என்பது பிடித்தம் போகக் கைக்கு வருவது. இதில் பேசிக்கை மனப்பாடமாக வைத்திருங்கள், ஏனென்றால் ஓவர்டைம் கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. கணக்கு இப்படி: மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரம், அதாவது 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓவர்டைமுக்குக் குறைந்தது அதில் ஒன்றரை மடங்கு தர வேண்டும். பேசிக் 800 வெள்ளி என்றால் ஓவர்டைம் மணிக்கு 6 வெள்ளி 29 காசு. அதே 800-ஐ, பேசிக் 500, ‘அலவன்ஸ்’ 300 என்று பிரித்து எழுதியிருந்தால் மணிக்கு 3 வெள்ளி 93 காசுதான். மொத்தம் ஒன்றுதான், ஆனால் மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறவனுக்கு 140 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். அலவன்ஸ் என்றால் சாப்பாடு, போக்குவரத்து போன்றவற்றுக்கு மேல்படியாகத் தருவது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஓவர்டைம் கணக்கில் சேராது. ஊரிலிருந்து கிளம்பும் முன் வரும் ஐபிஏ கடிதத்தில், அதாவது வேலை பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதத்தில், இந்தத் தொகைகள் தனித்தனியாக இருக்கும். அந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தால் எப்படிக் கேட்பது? "சார், மை ஓவர்டைம் பே இஸ் ஷார்ட். டென் அவர்ஸ்." இது போதும். எந்தப் பணம், எவ்வளவு குறைவு, இரண்டும் வந்துவிட்டது. இதைச் சொன்னால் யாரும் உங்களுக்குக் கடன் கொடுக்க வர மாட்டார்கள்.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைமும் வர வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து ‘பேஸ்லிப்’, அதாவது விவரம் எழுதிய சம்பளச் சீட்டு, கட்டாயம். என் காலத்துப் பென்சில் எண்ணோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை வாங்கிப் படியுங்கள்.

சீட்டில் ‘டிடக்‌ஷன்’ என்று இருந்தால் பிடித்தம். எதற்கு என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ‘லெவி’ என்ற சொல் அங்கே இருந்தால் உடனே கேளுங்கள். லெவி என்பது நம்மை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை. அதை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

‘அட்வான்ஸ்’, ‘லோன்’ இரண்டும் திருப்பித் தர வேண்டியவை. நான் கையெழுத்துப் போட்ட தாளில் மேலே அட்வான்ஸ் என்றுதான் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. லோன் என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் பலர் ‘ஆ லோங்’ ஆட்கள், லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர்கள். பதில்கூடப் போடாதீர்கள். உங்கள் ஏடிஎம் கார்டைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அந்தக் கார்டை வைத்து அவர்கள் செய்யும் தப்புக்குப் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

அப்புறம் ‘ஃப’ சத்தத்தில் தொடங்கும் மூன்று சொற்கள், தம்பிகளுக்கு எப்போதும் குழம்பும். ‘ஃபேர்’ பஸ்ஸுக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் கொடுப்பது. ‘ஃபீ’ ஒரு சேவைக்குக் கொடுப்பது: ஏஜென்ட் ஃபீ, பணம் அனுப்பும் ஃபீ. ‘ஃபைன்’ அபராதம். எம்ஆர்டி பலகையில் ஃபைன் 500 வெள்ளி என்று சாப்பாட்டுப் படம் போட்டிருப்பார்கள். தண்ணீர் குடித்தாலும் அதில் சேர்த்திதான். தமிழில் முதல் இரண்டையும் கட்டணம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கடையில் ‘சேஞ்ச்’ என்றால் இரண்டு பொருள். நீங்கள் 10 வெள்ளி கொடுத்து 6 வெள்ளிக்குச் சாப்பிட்டால், வர வேண்டிய 4 வெள்ளி ‘மை சேஞ்ச்’. நோட்டை மாற்றச் சில்லறை வேண்டுமென்றால் ‘ஸ்மால் சேஞ்ச்’.

‘ஹவ் மெனி மனி’ என்று கேட்கிற பழக்கத்தை விட ஒரு வழி சொல்கிறேன். நாம் தமிழில் எத்தனை பணம் என்று கேட்பதில்லை, எவ்வளவு பணம் என்றுதான் கேட்போம். எண்ணும்போது மட்டும் எத்தனை: எத்தனை நோட்டு, எத்தனை நாள். எவ்வளவு வந்தால் ‘ஹவ் மச்’, எத்தனை வந்தால் ‘ஹவ் மெனி’. தமிழில் யோசித்துவிட்டுப் பேசினால் பெரும்பாலும் தவறாது.

எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிய நாடுகளின் சின்ன நாணயங்களை வெள்ளைக்காரர்கள் ‘கேஷ்’ என்று எழுதினார்களே, அது போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போன நம் ‘காசு’. ரொக்கம் என்ற பொருளில் இன்று சொல்லும் ‘கேஷ்’ வேறு. அது பிரெஞ்சில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்கார நண்பர்கள் பணத்தை ‘டுயிட்’ என்பார்கள். அதுவும் நம் ‘துட்டு’ம் ஒரே டச்சு நாணயத்தின் பெயர். இதைச் சொன்னால் தம்பிகளுக்கு இங்கிலீஷ் மேல் இருக்கும் பயம் கொஞ்சம் குறைகிறது. டாலர், டாலர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஒரு மாதத்தில் எங்களைப் போல வெள்ளி என்று சொல்லப் பழகிவிடுவார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்பும் கவுன்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: ‘வாட் இஸ் தி ரேட்?’, ‘ஹவ் மச் இஸ் தி ஃபீ?’, கடைசியில் ‘ரிசீட், ப்ளீஸ்’. இந்தச் சொல்லை எழுதும்போது நடுவில் ஒரு ‘பி’ நிற்கும், வாயில் அது வராது. ‘ரிசிப்ட்’ இல்லை, ‘ரிசீட்’. வீட்டில் பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று போன் வரும்வரை அந்தத் தாள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.