உடலின் நீர், உப்பு, அமில-காரச் சமநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சோடியம் 125 என்று வந்திருக்கிறது. இருக்க வேண்டியது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். உடனே “உடம்பில் உப்புக் குறைந்துவிட்டது” என்று முடிவுகட்டி, நோயாளிக்கு உப்பைக் கூட்டிக் கொடுக்கத் தொடங்குவதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலாக நடக்கும் தவறு. உடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. இரத்த நீரில் அது எவ்வளவு அடர்த்தியாகக் கரைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு குவளை உப்புக் கரைசலோடு இன்னொரு குவளை தண்ணீரைச் சேர்த்தால் கரிப்புப் பாதியாகிவிடும். உப்பில் ஒரு துகளும் குறைந்திருக்காது.

எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளும் ஒரு பங்கு செல்களுக்கு வெளியேயும் உள்ளது. சோடியம் பெரும்பாலும் வெளியே தங்குகிறது, பொட்டாசியம் உள்ளே தங்குகிறது, நீரோ இரண்டு பக்கமும் தடையின்றிப் போய்வருகிறது. வெளியே கரைசல் நீர்த்துப்போனால் நீர் உள்ளே புகுந்து செல்கள் வீங்கும். மற்ற உறுப்புகள் சற்று வீங்கினாலும் இடமுண்டு. மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு அந்த இடம் இல்லை. குழப்பம், வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு என்று வருவதெல்லாம் இதனால்தான்.

ஆகவே 125 என்ற எண்ணைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீர் எங்கிருந்து சேர்ந்தது என்பதே. இதயம் செயலிழந்தவருக்கும் கல்லீரல் சுருங்கியவருக்கும் உடலில் சோடியம் தேவைக்கு மேல் இருக்கிறது. அதைவிட அதிகமாக நீர் தேங்கியிருப்பதால் எண் குறைவாகத் தெரிகிறது. கால் வீங்கிய அந்த நோயாளிக்கு உப்பைக் கொடுத்தால் வீக்கம் ஏறி மூச்சுத்திணறலில் போய் முடியும். நுரையீரல் நோய்களும், மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகளும் வாசோபிரஸ்ஸின் ஹார்மோனைத் தேவையில்லாத நேரத்தில் சுரக்கச் செய்து, சிறுநீரகம் நீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும்படி செய்கின்றன. முதியவர்களிடத்தில் தையசைடு வகை இரத்த அழுத்த மாத்திரையும் சோடியத்தைக் குறைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் உப்பை உண்மையாகவே இழந்தவருக்கும் இதே 125 வரலாம். அவருக்கு உப்புக் கரைசல் சரியான மருந்து. இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தால், அது செல்களிலிருந்து நீரை வெளியே இழுப்பதால், டெசிலிட்டருக்கு இயல்புக்கு மேலே ஏறும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் சர்க்கரைக்கும் சோடியம் ஏறத்தாழ 1.6 முதல் 2.4 வரை குறைந்து காட்டும். அங்கே திருத்த வேண்டியது சர்க்கரையை.

வேகம் என்னும் தவறு

சோடியம் குறைந்து இரண்டு நாட்களுக்கு மேலாகிவிட்டால், மூளைச் செல்கள் தமக்குள் இருந்த கரைபொருள்களை வெளியேற்றிவிட்டு வீக்கத்திலிருந்து தப்பித்துக்கொள்கின்றன. அப்படித் தகவமைந்த மூளையின் மேல், ஒரே நாளில் எண்ணைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் உப்புக் கரைசலை வேகமாக ஏற்றினால், நீர் செல்களை விட்டு வெளியேறி, நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. 1959ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்தப் பாதிப்பின் கொடுமை, அது உடனே வெளித்தெரியாததில்தான் இருக்கிறது. எண் சரியாகி, நோயாளி எழுந்து பேசி, குடும்பமே நிம்மதியடைந்த சில நாட்களுக்குப் பிறகு பேச்சுக் குழறுகிறது, விழுங்க முடியாமல் போகிறது, கைகால்கள் செயலிழக்கின்றன. மருத்துவர்கள் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறவிடாமல் காப்பது இதற்காகவே. மதுப்பழக்கம், ஊட்டக்குறைவு, கல்லீரல் நோய், பொட்டாசியக் குறைவு உள்ளவர்களுக்கு 8 என்பதே மேல் எல்லை. “இன்னும் ஏன் சரியாகவில்லை” என்று உறவினர்கள் மருத்துவரை நெருக்குவதைத் தவிர்ப்பது நோயாளிக்குச் செய்யும் பேருதவி.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. வலிப்பு வந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு மயலின் சிதைவுக்கு அஞ்சி 3 சதவீத உப்புக் கரைசலைத் தராமல் காத்திருப்பதும் ஆபத்தே. முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 மில்லிமோல் ஏற்றினாலே மூளை வீக்கம் தணிந்துவிடும். மூன்றாவதாக ஒரு கண்ணி இருக்கிறது, அனுபவமுள்ளவர்களும் அதில் சிக்குவதுண்டு. நீரைப் பிடித்துவைத்த காரணம் நீங்கியவுடன், எடுத்துக்காட்டாக அந்த மருந்தை நிறுத்தியதும், சிறுநீரகம் தேங்கிய நீரைத் தானே கொட்டத் தொடங்கும். யாரும் எதையும் ஏற்றாமலேயே சோடியம் துள்ளி ஏறும். சிறுநீர் திடீரென்று பெருகினால் அது நல்ல செய்தி என்று விட்டுவிடாமல் உடனே சோடியத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

நலமாக இருப்பவர்களும் நீரால் பாதிக்கப்படுவதுண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களிடம் வலுவாகக் காணப்பட்ட ஒற்றுமை, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தது. வியர்வையில் இழந்ததைவிட அதிகமாகக் குடித்திருந்தார்கள். நீண்ட நேர உடற்பயிற்சியில் தாகத்திற்குக் குடிப்பதே போதும். மணிக்கு இவ்வளவு என்று வற்புறுத்திக் குடிக்க வேண்டியதில்லை. முதியவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரையை அப்படியே தரக் கூடாது. அவர்களுக்குத் தாக உணர்வு மழுங்கியிருப்பதால், தாகம் இல்லை என்று அவர்கள் சொல்வதை நீர் போதும் என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

டிரிப் எல்லாம் ஒன்றல்ல

ஐந்து சதவீத குளுக்கோஸ் கரைசல் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. அது தரும் ஆற்றல் 200 கலோரிகூட இல்லை. சர்க்கரையை உடல் பயன்படுத்தியதும் மிஞ்சுவது வெறும் நீர். அது எல்லாச் செல்களுக்கும் பரவிவிடுவதால் ஒரு லிட்டரில் 100 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே இரத்தக் குழாயில் தங்கும். இரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவருக்கு இதை ஏற்றுவதால் பயனில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தைக்கு உப்புக் குறைந்த கரைசலைத் தொடர்ந்து ஏற்றினால் சோடியம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். வழக்கமாக ஏற்றும் உப்புக் கரைசலுக்கு உள்ள நார்மல் சலைன் என்ற பெயரும் ஏமாற்றுவதுதான். அதில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது, இரத்தத்தில் இருப்பதோ ஏறத்தாழ 100. லிட்டர் லிட்டராக ஏற்றும்போது குளோரைடு மிகுந்து இரத்தம் அமிலத்தன்மையை நோக்கிச் சாய்கிறது.

பொட்டாசியம்

உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. நாம் அளப்பது வெளியே உள்ள சொற்பத்தை. இயல்பளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். இரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ பொய்யாக உயர்ந்து காட்டும். அதற்காக 6.8 என்று வந்த அறிக்கையை “மாதிரி கெட்டிருக்கும்” என்று ஒதுக்கிவைப்பது உயிருக்கு உலை வைக்கும் வேலை. மறுபரிசோதனைக்கு அனுப்பும் அதே நேரத்தில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் ஆபத்து இல்லை என்று பொருளல்ல.

கால்சியம் ஊசி போட்டதும் பொட்டாசியம் இறங்கிவிட்டதாக நினைப்பது இன்னொரு பிழை. கால்சியம் இதயத்தை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காக்கிறது, பொட்டாசியத்தைத் தொடுவதே இல்லை. இன்சுலினும் குளுக்கோஸும் அதைச் செல்களுக்குள் தள்ளிவைக்கின்றன. சில மணி நேரத்தில் அது திரும்பி வரும். சிறுநீர், மலம், டயாலிசிஸ் ஆகிய வழிகளில்தான் அது உடலை விட்டு உண்மையில் வெளியேறுகிறது.

நீரிழிவில் இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோ அமிலநிலையில் இந்தப் புரிதல் உயிரைக் காக்கும். அறிக்கையில் பொட்டாசியம் இயல்பாகவோ கூடுதலாகவோ தெரியும். ஆனால் பல நாட்களாகச் சிறுநீரில் இழந்ததால் உடலின் இருப்பு வற்றியிருக்கும். அந்த எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றினால், வெளியே இருந்ததும் உள்ளே போய், இதயத் துடிப்புத் தாறுமாறாகும். பொட்டாசியம் 3.3க்குக் கீழே இருந்தால் முதலில் அதை நிரப்பிவிட்டே இன்சுலினைத் தொட வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் விதி. இரத்தக் குழாய் வழியே பொட்டாசியத்தை ஒருபோதும் ஊசியால் நேரடியாகச் செலுத்தக் கூடாது. நீர்த்த கரைசலாக, மெதுவாகவே ஏற்ற வேண்டும். எவ்வளவு கொடுத்தும் ஏறாத பொட்டாசியத்திற்குப் பின்னால் பெரும்பாலும் மக்னீசியக் குறைவு இருக்கிறது, ஏனெனில் மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை ஒழுகவிடும்.

வீட்டில் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோய் உள்ளவரோ, பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய ஸ்பைரனோலாக்டோன், எனலாபிரில் போன்ற மருந்து எடுப்பவரோ மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

கால்சியத்தைப் பொறுத்தவரை ஒன்று போதும். இரத்தத்தில் அதில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதங்களோடு, பெரும்பாலும் ஆல்புமின் என்ற புரதத்தோடு, ஒட்டியிருக்கிறது. ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு மொத்தக் கால்சியம் குறைந்து காட்டினால், எதனோடும் ஒட்டாமல் தனித்திருக்கும் அயனிக் கால்சியத்தை அளக்காமல் சிகிச்சை தொடங்கக் கூடாது.

பி.எச். 7.40 என்றால் நலமா?

அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். இரத்தத்தில் 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும்; அமிலம் கூடினால் அது இறங்கும். அது 7.40 என்று வந்துவிட்டால் அமில-காரக் கோளாறு எதுவும் இல்லை என்று அறிக்கையை மூடிவைப்பது பெரிய தவறு. கீட்டோ அமிலம் சேர்ந்த ஒருவர் தொடர்ந்து வாந்தியும் எடுத்தால், ஒன்று பி.எச்.ஐ இறக்கும், மற்றது ஏற்றும். கூட்டிப் பார்த்தால் 7.40. சோடியம் 140, குளோரைடு 90, அமிலத்தைச் சமன்செய்யும் காரப்பொருளான பைகார்பனேட் 24 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தனித்தனியே பெரிதாக உறுத்தாது. சோடியத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் வரும் அயனி இடைவெளி 26. இருக்க வேண்டியது 8 முதல் 12. மறைந்திருக்கும் அமிலம் அங்கேதான் வெளிப்படுகிறது. ஆல்புமின் டெசிலிட்டருக்கு ஒரு கிராம் குறையும்போது இந்த இடைவெளி 2.5 குறைந்து காட்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அமிலம் மிகுந்தவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவதைப் பதற்றம் என்று எண்ணித் தூக்க மருந்து கொடுப்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அந்த மூச்சுதான் கரியமில வாயுவை வெளியேற்றி அவரை உயிரோடு வைத்திருக்கிறது. பைகார்பனேட் 10 ஆக இறங்கியவருக்குக் இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 23 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்க வேண்டும், அப்போது பி.எச். 7.26 அளவில் நிற்கும். மருந்தாலோ செயற்கைச் சுவாசக் கருவியின் அமைப்பாலோ அந்த அழுத்தம் 40 என்ற “இயல்பான” எண்ணுக்கு வந்தால் பி.எச். 7.02க்கு விழுந்துவிடும். காரத்தன்மை உள்ள குடிநீர் இரத்தத்தைக் காரமாக்கும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை; இரத்தத்தின் பி.எச்.ஐ நுரையீரலும் சிறுநீரகமும் காக்கின்றன.

ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது

வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசலிலும் செறிவுதான் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2002இல் பரிந்துரைத்த கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். குடல் சுவர் இவ்விரண்டையும் ஒன்றாகவே உள்ளே இழுக்கிறது, அவற்றின் பின்னால் நீரும் போகிறது. சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் குடலுக்குள் நீர் இழுபட்டு வயிற்றுப்போக்கு அதிகமாகும். பாக்கெட்டில் பாதியை உத்தேசமாக ஒரு குவளையில் கலப்பதும், குறைந்த நீரில் முழுவதையும் கொட்டுவதும் குழந்தைக்குச் சோடியத்தைத் தாறுமாறாக்கும். முழுப் பாக்கெட்டையும் அதில் அச்சிட்டுள்ள அளவு தூய நீரில் கலக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண்கள் குழிவிழுந்து, குடிக்கவும் முடியாமல், கூப்பிட்டால் கண்திறக்கவும் சோர்ந்திருக்கும் குழந்தையை வீட்டில் வைத்துக் கரைசல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், அந்த நொடியே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.