பழைய செப்புக்காசுக்குப் புளி போடாதீர்கள்

திருகோணமலையில் பழைய வீடுகளின் பெட்டகத்திலிருந்து வெளிவரும் செப்புக்காசுகளுக்குப் பெரிய எதிரி கடற்காற்றிலுள்ள உப்பு. அதற்கு அடுத்த எதிரி குத்துவிளக்கு துலக்கிய கை. புளி, எலுமிச்சம்பழம், சாம்பல், பித்தளைப் பாலிஷ் எல்லாம் செம்பின் மேற்படையைத் தின்றுவிடும். காசு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். எழுத்தின் கூர்மையும் விலையும் போய்விடும். தேங்காயெண்ணெயும் கூடாது. அதிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகும்.

முதலில் காசு எது என்று பாருங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. (VOC) கூட்டெழுத்துக்கு மேல் ஆங்கில 'T' எழுத்து இருந்தால் ஒல்லாந்தர் திருகோணமலையிலேயே அடித்த ஸ்டைவர் என்ற செப்புக்காசு. ('துட்டு' என்ற சொல்லே அவர்களுடைய டொயிட் காசிலிருந்து வந்ததுதான்.) தடித்து, விளிம்பு ஒழுங்கில்லாமல், யானையோடு 12, 24 அல்லது 48 என்ற எண் இருந்தால் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வெளியிட்டது. அந்த எண், அக்காலப் பெரிய நாணயமான றிக்ஸ்டொலரில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது. ஆகவே 48தான் சிறிய காசு, அதாவது ஒரு ஸ்டைவர். ஒருபுறம் ஆங்கில அரசர் மூன்றாம் ஜோர்ஜின் தலை, மறுபுறம் யானை, 1815 என்ற ஆண்டு: இவை அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவர்களாக வந்தவை. 1821ஆம் ஆண்டின் றிக்ஸ்டொலர் வெள்ளி. அதன் கருமையைத் தொடவே வேண்டாம்.

இரண்டு பக்கமும் படமெடுத்து, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து எழுதிவைத்த பிறகே தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உதவாது, அதிலும் உப்பு உண்டு. பற்றரிக்கு விடும் வடிநீர் போதும். பக்கத்திலேயே விற்கும் பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். கண்ணாடிப் போத்தலில் ஒவ்வொரு காசாக ஊறவைத்து, முதல் வாரம் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். இளகிய மண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழ் வைத்து மூங்கில் பல்குச்சியால் எடுக்கலாம். தென்னை ஈர்க்கு இன்னும் நல்லது, நுனி மழுங்கினால் நறுக்கிக்கொள்ளலாம். ஊசி வேண்டாம். மண் வராவிட்டால் மறுபடி ஊறட்டும்.

இப்போது பச்சையைக் கவனியுங்கள். கெட்டியாக, வழவழப்பாக இருப்பது காசின் கவசம். வெளிறிய பச்சைத் தூளாக உதிர்ந்து, துடைத்த இடத்திலேயே திரும்ப வருவதுதான் நோய். உப்பிலிருந்து செம்புக்குள் புகுந்த குளோரைட்டு ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலமாகி, செம்பைக் கரைத்து, மறுபடி குளோரைட்டாகும். ஆகவே மேலே சுரண்டிப் பயனில்லை. ஒரு லீற்றர் வடிநீரில் நீரற்ற சலவைச் சோடா 24 கிராம், அப்பச்சோடா 19 கிராம் கரைத்து அதில் ஊறவையுங்கள். சலவைச் சோடா பளிங்குக் கட்டியாக இருந்தால் 65 கிராம். கரைசலை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். இது வாரக் கணக்கில், சிலவேளை மாதக் கணக்கில் போகும். காசின் நிறம் சற்று மாறவும் கூடும் என்பதால் நோயில்லாத காசை இதில் போடாதீர்கள்.

முடிந்ததும் வடிநீரில் பலமுறை அலசி, துணியில் ஒற்றி (தேய்க்காமல்), அசற்றோனில் ஒருமுறை முக்குங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது, யன்னல் திறந்திருக்க வேண்டும். மேசை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் காயட்டும். பிறகு கையுறையில்லாமல் தொடவேண்டாம், வியர்வையும் உப்புத்தான்.

வைப்பதற்கு அமிலமற்ற கடதாசி உறை, இறுக மூடும் பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். மென்மையான பீ.வீ.சீ. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பசை கசியும். மாரியில் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து, ஜெல்லைக் காயவைத்துப் போடுங்கள்.

இவையெல்லாம் வீட்டில் வழிவழியாக வந்த காசுக்கு. நிலத்திலிருந்து கிடைத்தால் கதை வேறு. இலங்கையின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகக் கணிக்கிறது. அப்படிக் கிடைத்த காசைக் கழுவாமல், மண்ணோடேயே வைத்து அறிவியுங்கள்.