இரைச்சல் எங்கிருந்து வருகிறது? சவுண்ட் கார்டு வாங்கிப் பொருத்த விரும்புவோருக்கு

கச்சேரிப் பதிவுகளின் தொடக்கத்தில் தம்புரா மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் உண்டு. என் கணினியில் கோளாறு இருப்பதை அந்த விநாடிகள்தான் காட்டிக்கொடுத்தன. தம்புராவுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அதன் மேல் நகத்தால் கீறுவது போன்ற சத்தம். பாடகர் வாயைத் திறந்ததும் இரண்டும் மறைந்துவிடும்.

பெங்களூரில் நான் இருக்கும் அல்சூரிலிருந்து, கணினிப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோடு அதிக தூரமில்லை. மறுநாளே போய், கணினியின் ஒலியைக் கவனித்துக்கொள்ளும் தனி அட்டையான சவுண்ட் கார்டில் விலை உயர்ந்த ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். கீறல் போய்விட்டது. ஆனால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற ரீங்காரம் அப்படியே இருந்தது. கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டி இரண்டு நாள் வீணானது. கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்டைத் திறந்து பார்த்தார். மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இல்லை. பழைய வாடகை வீடு. துளை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

அதனால் பணத்தை எடுக்கும் முன்பு இதைச் செய்யுங்கள்.

முதல் வேலை: சத்தத்தின் ஊற்றைக் கண்டுபிடித்தல்

ஹெட்போனைக் கேபினட்டின் முன்பக்கத் துளையில் செருகி, எதையும் ஒலிக்கவிடாமல் கேளுங்கள். பிறகு பின்பக்கம், மதர்போர்டிலேயே (கணினியின் முதன்மைப் பலகை) உள்ள பச்சைத் துளையில் செருகுங்கள். முன்னால் இரைச்சல், பின்னால் அமைதி என்றால் குற்றவாளி முன்பக்கத்துக்கு ஓடும் ஒயர்தான். அது கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகும். கொஞ்சம் தள்ளிக் கட்டினாலே பல நேரம் சரியாகிவிடும், செலவு இல்லை.

பின்னாலும் இரைச்சல் கேட்டு, மவுஸை அசைக்கும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் அது மாறினால், மதர்போர்டின் மின் சலசலப்பு ஒலிப் பாதைக்குள் கசிகிறது. நல்ல சவுண்ட் கார்டு உதவுவது இங்கேதான். ஹெட்போனில் அமைதியாக இருந்து, தனி மின்சாரத்தில் ஓடும் ஸ்பீக்கரில் மட்டும் மாறாத ரீங்காரம் வந்தால் எர்த் சிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ரீங்காரமும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்துக் கார்டு வாங்கினாலும் அது போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; பிளக் பாயின்டை நீங்களே திறக்க வேண்டாம்.

அட்டைப்பெட்டி மீதுள்ள எண்கள்

கடைக்காரர் முதலில் காட்டுவது '384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்' என்ற வரியைத்தான். அதைத் தாண்டிப் போங்கள். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ், சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸே அதற்குப் போதும்.

பார்க்க வேண்டியது டைனமிக் ரேஞ்ச். உச்சச் சத்தத்துக்கும் கார்டின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி அது, டெசிபலில் சொல்வார்கள். 16 பிட் சி.டி.க்கு ஏறக்குறைய 96. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஏ.இ.-7 கார்டுக்கு 127, ஏ.இ.-9க்கு 129 என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. அசூஸின் எசென்ஸ் எஸ்.டி.எக்ஸ்.-2க்கு 124. இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை, கீழே ஆட்டோ ஓடும் தெருவில் உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்டுவிட முடியாது. மதர்போர்டுகளில் வரும் ரியல்டெக் ஏ.எல்.சி.1220 சிப்புக்கும் 120 என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அது சிப்பின் எண். சிப்பைச் சுற்றி மதர்போர்டில் என்னென்ன ஓடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ஹெட்போன் பிரியர்கள் அவுட்புட் இம்பீடன்ஸை, அதாவது கார்டின் வெளியீட்டு மின்தடையை, கவனியுங்கள். ஹெட்போனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. 32 ஓம் ஹெட்போன் என்றால் கார்டில் 4 ஓமுக்குள். 250, 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு; அவற்றை உரக்க ஒலிக்கவைக்கும் அளவுக்குக் கார்டின் ஆம்ப்ளிஃபயருக்கு வலு இருக்கிறதா என்பதே அவர்களுக்குக் கேள்வி.

பழைய கார்டு வாங்குகிறீர்களா? கீழ்விளிம்பைப் பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைப் பையன், "நல்ல கார்டு சார், அந்தக் காலத்தில் இதுதான் ராஜா" என்று ஒன்றை நீட்டினான். பொய் சொல்லவில்லை. ஆனால் அது பழைய பி.சி.ஐ. வகைக் கார்டு, இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் அதைச் செருகும் ஸ்லாட்டே கிடையாது. நமக்கு வேண்டியது அதற்குப் பின் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகை. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கிடைக்கிறதா என்பதையும் கடையில் நிற்கும்போதே போனில் பார்த்துவிடுங்கள்.

பொருத்துதல்

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரின் காற்று வறண்டிருக்கும்போது இதை மறக்கவே கூடாது.

சவுண்ட் கார்டுக்குச் சிறிய எக்ஸ்1 ஸ்லாட் போதும். அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மறைந்திருந்தால் நீளமான ஸ்லாட் எதில் வேண்டுமானாலும் செருகலாம், வேலை செய்யும். கிராஃபிக்ஸ் கார்டின் விசிறியை மறைக்காமல், முடிந்த அளவு தள்ளி இருக்கட்டும். சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. மாட்டும் எம்.2 துளையோ சாட்டா துளையோ செயலிழக்கும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பின்பக்க உலோகப் பட்டையைக் கழற்றி, கார்டின் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். தங்க நிறக் கோடுகள் வெளியே தெரியக் கூடாது. திருகை முடுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள்; எழும்பினால் திருகைத் தளர்த்தி மறுபடியும் அழுத்துங்கள். 'கார்டையே காட்டவில்லை' என்ற புலம்பல்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

சில கார்டுகள், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி மின் ஒயர் கேட்கும். ஏ.இ.-9க்குக் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போவது போன்ற ஆறு பின் ஒயர். எஸ்.டி.எக்ஸ்.-2க்குப் பழைய நான்கு பின் மோலெக்ஸ். முன்பக்கத் துளையைப் பயன்படுத்துவீர்கள் என்றால் அதன் ஒயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிப் புதிய கார்டில் மாட்டுங்கள். இரண்டு வரிசையில் ஒன்பது பின், ஓரிடம் காலி. தப்பாகச் செருக முடியாது.

டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவியதும் எதிரொலி, பாஸ் கூட்டல் போன்ற அலங்காரங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விண்டோஸ் ஒலி அமைப்பில் 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். மதர்போர்டின் ஒலியை பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) இப்போதே முடக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை.

சோதனை

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒரு நிமிட நிசப்தக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். ஏன் கோப்பு? எதுவும் ஒலிக்காதபோது சில கார்டுகள் வெளியீட்டையே துண்டித்துக்கொள்ளும். அந்த அமைதி போலி. நிசப்தக் கோப்பு ஓடும்போது கார்டு விழித்திருக்கும். வழக்கமான ஒலியளவில் வைத்து, மவுஸை அசைத்து, ஏதாவது ஒரு கோப்பை நகலெடுத்துக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் வேறு எதையும் ஒலிக்கவிடாதீர்கள்.

அளந்து பார்க்க ஆசைப்பட்டால், லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு 3.5 மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை மாட்டி, ரைட்மார்க் ஆடியோ அனலைசர் மென்பொருளை ஓட்டுங்கள். பெட்டியில் உள்ள எண் வராது, அதைவிடக் குறையும். சொந்த வீட்டு எண் என்பதால் அதுதான் எனக்கு முக்கியம்.

பிறகு பாட்டு. மதர்போர்டு, புதிய கார்டு ஆகிய இரண்டு வெளியீடுகளின் ஒலியளவையும் காதால் சமமாக்குங்கள். சற்று உரக்க இருப்பது எப்போதுமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். நான் ஹெட்போனோடு கண்ணை மூடி உட்கார, என் மனைவி சொல்லாமல் மாற்றி மாற்றிச் செருகினாள். பாட்டில் பத்துக்கு ஆறு சரி, கிட்டத்தட்ட குருட்டாம்போக்குதான். நிசப்தக் கோப்பில், அவள் மவுஸை அசைக்க அசைக்க, பத்துக்குப் பத்து.

அதன் பிறகுதான் பயாஸுக்குள் போய் மதர்போர்டின் ஒலியை முடக்கினேன்.