எலிக்கும் வௌவாலுக்கும் வீட்டை அடைப்பது எப்படி

எலித் தொல்லை என்று சொன்னாலே அடுத்த கேள்வி "என்ன மருந்து வைக்கலாம்?" என்பதுதான். மருந்தை விடுங்கள், ஓட்டையைத் தேடுங்கள். பத்து எலியைக் கொன்றாலும் வழி திறந்து கிடந்தால் பதினொன்றாவது வரும். சுண்டெலியின் சினைக்காலம் மூன்றே வாரம், ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். எலி மருந்துகளில் ஒன்றான மஞ்சள் பாஸ்பரஸ் பசை ஈரலை அழித்துவிடும், முறிமருந்தும் கிடையாது.

சரி, ஓட்டை. பென்சில் நுழைகிற சந்து, அதாவது சுமார் 6 மி.மீ., சுண்டெலிக்குப் போதும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் பருமன் வேண்டும். கையில் ஒரு பென்சிலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்: சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகிற இடம், ஏசி குழாய் வெளியே வரும் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன், என்றைக்கோ கேபிளுக்காகத் துளைத்து அப்படியே விட்ட ஓட்டை, கொல்லைக் கதவின் அடி. எது வழி என்று பிடிபடவில்லையா, ராத்திரி படுக்கப் போகும் முன் சுவரோரமாகக் கோலமாவை லேசாகத் தூவிவிடுங்கள், காலையில் கால்தடம் காட்டிக்கொடுத்துவிடும். எலி பெரும்பாலும் கூடத்தின் நடுவில் ஓடாது, சுவரை உரசிக்கொண்டேதான் போகும். அதனால் பழைய வழியாக இருந்தால் சுவரில் கருப்பாகப் பிசுக்குக் கறையும் இருக்கும்.

துணி, தெர்மாகோல், ஃபோம் எதையும் திணிக்காதீர்கள். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பது, எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும், இதெல்லாம் அதற்கு ஒரு ராத்திரி வேலை. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் கம்பி நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள், குழாயைச் சுற்றி என்றால் எம்-சீல். பெரிய துளைக்கு 6 மி.மீ.க்கும் சின்னக் கண் உள்ள இரும்பு வலை. பிளாஸ்டிக் கொசுவலையைக் கடித்துவிடும். கதவடிக்குத் தகரப் பட்டை, பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில் திருகி மூடுகிற ஜாலி, செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் தலையிலும் ஒரு வலை. கூரைமேல் சாய்கிற முருங்கைக் கிளையையும் வெட்டிவிடுங்கள்.

உள்ளே ஏற்கெனவே இருப்பதைக் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும், அதனால் இரண்டு மூன்று நாள் கூண்டை விசை போடாமல் சுவரோரம் வைத்து, சுட்ட தேங்காயோ மசால் வடையோ தின்னப் பழக்குங்கள், அப்புறம் விசையைப் போடுங்கள். மூஞ்சூறு மாட்டினால் வெளியே விட்டுவிடலாம், அது எலி இனமே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி. இந்த வேலையையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள், ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலிகள் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள்தான் வரும்.

வௌவால் கதை வேறு. எங்களுடையது பழைய ஓட்டு வீடு, மோட்டு ஓட்டுக்கு அடியில் வௌவால் தங்கியிருந்தது. எலியை அடைத்த தைரியத்தில் ஒரு பகல் பொழுதில் ஏணி போட்டு ஏறிச் சுண்ணாம்புச் சாந்தால் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவை அப்படியே மாட்டிக்கொண்டன. நாலாம் நாள் நாற்றம் தாங்காமல் ஓடுகளைப் பிரித்துப் பார்த்தால் தாயின் வயிற்றோடு ஒட்டியபடி குட்டிகள் செத்துக் கிடந்தன. இன்றுவரை மனசை விட்டுப் போகவில்லை. நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அது வௌவால்தானா என்று எச்சத்தைப் பாருங்கள். எலிப் புழுக்கை காய்ந்தால் கெட்டியாக இருக்கும். வௌவால் எச்சத்தைக் குச்சியால் அழுத்தினால் பொடிப்பொடியாகி, உள்ளே பூச்சிச் சிறகின் துணுக்கு மினுங்கும். ஓட்டிடுக்கில் ஒண்டுகிற சின்ன வௌவால் பூச்சி தின்பது, ஆலமரத்தில் தொங்குகிற பெரிய பழந்தின்னி இல்லை. அது சுவரையோ மரத்தையோ கொறிக்காது, இருக்கிற இடுக்கில் புகுந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆகவே அடைப்பது சுலபம், நேரம் பார்ப்பதுதான் முக்கியம்.

பொழுது சாயும்போது வாசலில் ஒருவர், கொல்லையில் ஒருவர் நின்று அரைமணி நேரம் கூரையைப் பாருங்கள், எந்த இடுக்கிலிருந்து வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் போன பிறகு டார்ச் அடித்துக் குட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒன்றரை மாதம் பொறுங்கள், பறக்கப் பழகாத குட்டியை உள்ளே வைத்து அடைக்கவே கூடாது. குட்டி இல்லை என்றால் பயன்படுத்தாத இடுக்குகளை மட்டும் முதலில் அடைத்துவிட்டு, வந்துபோகிற இடுக்கின் மேலே சின்னக் கண் நைலான் வலையை ஆணியடித்து, இரண்டு பக்கமும் பிடித்து, கீழே மட்டும் திறந்து இரண்டடிக்குத் தொங்கவிடுங்கள். உள்ளிருப்பது ஊர்ந்து கீழ்வழியாக வெளியே போய்விடும், திரும்பி வருவது நேராக இடுக்கில் வந்து ஒட்டும், வலை தடுக்கும். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் சாந்து போடுங்கள்.

ஒன்று அறைக்குள் வந்துவிட்டால் முதலில் ஃபேனை நிறுத்துங்கள், விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள், தானே போய்விடும். வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ரேபிஸ் ஊசிக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள்.

எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது, அந்தத் தூசியால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு அள்ளுங்கள்; எலிப் புழுக்கைக்கும் இதேதான். அடைத்த பிறகும் சில நாள் சாயங்காலம் பழைய இடத்தைச் சுற்றி வௌவால் வட்டமடிக்கும், பதற வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.