அம்பாசமுத்திரத்துக்கு வந்த போன் காலைப் பாளையங்கோட்டைக்குத் திருப்பி விடுவது எப்படி?

எங்கள் அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டையில் மெயின் ஆபீஸ், அம்பாசமுத்திரத்தில் அரிசி மில். இரண்டு இடத்திலும் ஆபீஸ் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளான ஃப்ரீபிபிஎக்ஸ் ஒரு பெட்டியில் ஓடுகிறது. இன்ஸ்டால் செய்வது, எக்ஸ்டென்ஷன் (ஒவ்வொரு போனுக்கும் உள் எண்) போடுவதெல்லாம் தெரியும்தானே, அதற்குள் போகவில்லை. பாளையில் 201 முதல், அம்பையில் 301 முதல். எண்கள் மோதக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ரவுட்டர். வந்தது வந்தபடியே மாட்டியதால் இரண்டு பக்கமும் 192.168.1.1 என்றே இருந்தது, அப்படி இருந்தால் நடுவில் எந்த விபிஎன் (இரண்டு இடத்தையும் இன்டர்நெட் வழியே தனியாக இணைக்கும் பாதை) போட்டாலும் பாக்கெட் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழிக்கும். அம்பையை 192.168.20.1 ஆக்கினேன். விபிஎன் என்றால் எனக்கு வயர்கார்டுதான். ஒரு பக்கமாவது பப்ளிக் ஐபி (இன்டர்நெட்டிலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) இருந்தால் போதும். ரவுட்டரில் போன் கால்களுக்கான 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டு சுலபமாக முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எவனெவனோ உள்ளே புகுந்து உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசுவான்.

அப்புறம் இரண்டிலும் ஒரு பிஜேசிப் டிரங்க், அதாவது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கால் போகும் இணைப்பு. சிப் சர்வர் என்ற இடத்தில் எதிர்ப்பக்கத்து வயர்கார்டு ஐபி, போர்ட் 5060, ரெஜிஸ்ட்ரேஷன், ஆதென்டிகேஷன் இரண்டும் 'நன்' (None). எந்த எண்ணை அடித்தால் இந்த டிரங்க் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் அவுட்பவுண்ட் ரூட்டில் பாளைப் பக்கம் 3-இல் தொடங்கும் மூன்று இலக்கம், அம்பைப் பக்கம் 2-இல் தொடங்குவது.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பாளையிலிருந்து 301 அடித்தேன், மணி அடித்தது, வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன். மறுநாள் மில்லில் கணக்கு பார்க்கும் அக்காவிடமிருந்து போன்: "தம்பி, அண்ணாச்சிக்கு மாத்தி விடலாம்னு 201 அடிச்சா ஒரு பொம்பள இங்கிலீஷ்ல என்னமோ பேசுதா."

அவர் மாற்றி விடும்போது அம்பை பெட்டி பாளைக்குப் புதிதாக ஒரு கால் போடுகிறது. பாளை டிரங்கில் கான்டெக்ஸ்ட் என்ற கட்டத்தில் 'ஃப்ரம்-பிஎஸ்டிஎன்' (from-pstn) என்று ஏற்கெனவே இருக்கும், அதாவது வெளியாள் கால். வெளியாள் கால் எங்கே போக வேண்டும் என்று சொல்வது இன்பவுண்ட் ரூட்; 201 என்ற பேரில் அப்படி ஒன்று ஏது? நம்பரே இல்லை என்று சொல்லிவிடுகிறது. அதை 'ஃப்ரம்-இன்டர்னல்' (from-internal), அதாவது உள்ளாள் கால் என்று மாற்றினால் சரி. அம்பையில் மாற்றியிருந்தேன், பாளையில் மறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இரண்டு பக்கமிருந்தும் அடித்துப் பாருங்கள். ஆனால் வயர்கார்டு வழியாக வரும் டிரங்குக்கு மட்டும்தான் இது; இன்டர்நெட்டைப் பார்த்த டிரங்கில் இப்படிப் போடுவது கல்லாப்பெட்டியைத் தெருவில் வைப்பது மாதிரி.

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் சிப் செட்டிங்ஸில் லோக்கல் நெட்வொர்க்ஸ் பகுதியில் எதிர்ப்பக்கத்து நெட்வொர்க்கையும் வயர்கார்டு நெட்வொர்க்கையும் சேருங்கள். காலை மாற்றி விடுவதற்கு ## அடிக்கும் முறையெல்லாம் பழக்காதீர்கள், போனில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பட்டனே போதும். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுவதுதான் மரியாதையும்.

பின்சேர்க்கை: இதே மாதிரி அமைத்த வள்ளியூர் நண்பர், கிளையில் கரண்ட் போனால் மெயின் ஆபீஸில் பேசிக்கொண்டிருப்பவருக்கும் கட்டாகிறதே என்றார். ஆகும். கிளை மாற்றிவிட்ட கால் கடைசிவரை கிளை பெட்டி வழியாகவே சுற்றி வருகிறது. அம்பையில் ரவுட்டருக்கும் பெட்டிக்கும் ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்துவிட்டேன்.