கடல் காற்றாலையால் ஆர்பிஓ எவ்வளவு நிறையும்? கணக்குப் போடும் முறை

தமிழகக் கடலில் 500, குஜராத் கடலில் 500 என 1000 மெகாவாட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் நிதியுதவி ஒப்புதல் தந்தது. இதில் நம் 500 மெகாவாட், மின்வாரியத்தின் புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கடமையில், அதாவது ஆர்பிஓவில் (விநியோகிக்கும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற விதி), எவ்வளவு அடைக்கும்?

முதலில் யூனிட். 500 மெகாவாட் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் (8,760 மணி) 438 கோடி யூனிட். காற்று அப்படி வீசாது. 1000 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 372 கோடி யூனிட் என்பது அரசின் மதிப்பீடு. நம் பங்கு 186 கோடி, அதாவது அந்த 438 கோடியில் 42.5 சதவீதம். டெவலப்பர் 50 சதவீதம் என்று காட்டினால், அது காற்றாலையில் எடுத்த அளவா, கரை மீட்டரில் எடுத்த அளவா என்று கேளுங்கள். முன்னிற்கும் காற்றாலை மறைப்பதில் 10, பழுதில் 5, கேபிளில் 3 சதவீதம் போவதாக வைத்தால் 0.50 × 0.90 × 0.95 × 0.97, கரை மீட்டரில் 41.5 சதவீதம்தான். இழப்புகளைக் கூட்டிக் கழிக்காதீர்கள், பெருக்குங்கள்.

அடுத்தது கடமை. 2023 அக்டோபர் அறிவிப்பின்படி 2029-30க்கு மொத்தம் 43.33 சதவீதம், அதில் காற்றுக்கு 3.48. (பிறகு திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) எளிமைக்காக விநியோகம் 10,000 கோடி யூனிட் என்று வைத்தால், காற்றுப் பிரிவுக்கு 348 கோடி, மொத்தத்துக்கு 4,333 கோடி. நம் 186 கோடி காற்றுப் பிரிவில் 53 சதவீதம், மொத்தத்திலோ 4.3தான். இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாத அறிக்கையை நம்ப வேண்டாம்.

முப்பந்தலின் பழைய காற்றாலைகளைக் காற்றுப் பிரிவில் சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 2024 மார்ச் 31க்குப் பின் இயங்கத் தொடங்கியவை மட்டுமே அங்கே வரும். மற்றவை ‘இதர’ பிரிவுக்குப் போகும். கடல் காற்றாலைக்கு மதிப்பு கூடுவதும் இதனால்தான்.

ஒரு தொழிற்சாலை ஓப்பன் ஆக்சஸில், அதாவது வாரியத்திடம் வாங்காமல் உற்பத்தியாளரிடமே, நேரடியாக வாங்கிய யூனிட் அந்தத் தொழிற்சாலையின் கணக்கு. அதை வாரியத்தின் பக்கமும் எழுதினால் இரட்டைக் கணக்கு.

தொடங்கும் மாதத்தையும் கவனியுங்கள். அக்டோபரில் தொடங்கினால் நிதியாண்டில் பாதி மிச்சம் என்று 93 கோடி யூனிட் போட்டுவிடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்று அந்த ஆண்டுக்கு முடிந்துபோயிருக்கும். மாதவாரியான காற்றளவீட்டை வைத்தே அந்த முதலாண்டுக் கணக்கைப் போட வேண்டும்.