கடற்கரையில் இறங்கிய சிறு விமானம்: தரையில் நின்றவரின் சாவுக்கு யார் பொறுப்பு என்று எடைபோடும் முறை

2017 ஆகஸ்ட் 2 அன்று, லிஸ்பன் நகருக்கு அருகே கபாரிக்கா கடற்கரையில், கோடை விடுமுறைக் கூட்டத்தின் நடுவே, எஞ்சின் நின்றுபோன ஒரு செஸ்னா 152 பயிற்சி விமானம் அவசரமாகத் தரையிறங்கியது. மணலில் இருந்த ஓர் ஆணும் ஒரு சிறுமியும் இறந்தனர். விமானத்தில் இருந்த பயிற்றுநருக்கும் மாணவருக்கும் காயம் ஏதும் இல்லை. கடலில் இறக்கியிருக்கக் கூடாதா என்று அங்கிருந்தவர்கள் கொதித்துக் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு நேர்மையாக விடை காண வேண்டுமானால் சில கேள்விகளை ஒன்றோடொன்று குழப்பாமல் வரிசையாகக் கேட்க வேண்டும்.

எஞ்சின் ஏன் நின்றது என்பதையும், நின்ற பிறகு விமானி என்ன செய்தார் என்பதையும் முதலில் பிரித்துவிடுங்கள். எஞ்சின் நிற்பதற்கு எரிபொருள் தீர்ந்தது, பராமரிப்புக் குறை, உதிரிபாகம் முறிந்தது எனப் பல காரணங்கள் இருக்கலாம். ஈரப்பதம் மிகுந்த காற்றில், வெளியே வெயில் அடிக்கும்போதுகூட, கார்புரேட்டருக்குள் பனி படிந்து எஞ்சின் அடங்கிவிடுவதும் உண்டு. விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் அந்தப் பனி உருகிவிடுவதால் தடயமே எஞ்சாது. ஆகவே சிதைவுகளில் பழுது எதுவும் அகப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விமானி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது. அதேபோல, எஞ்சின் நின்றதில் அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தாலும், அதற்குப் பின் அவர் எடுத்த முடிவுகள் தாமாகவே நியாயமாகிவிடா.

அந்த முடிவுகளை எடைபோட, அவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிடுங்கள். செஸ்னா 152 எஞ்சின் இல்லாமல் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே மிதக்கும். 1,000 அடி உயரத்தில் இருந்தால் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரமும் சுமார் ஒன்றரை நிமிடமும்தான் கிடைக்கும். தண்ணீரில் இறக்கினால், மடக்க முடியாத சக்கரங்கள் நீரில் மாட்டி விமானம் கவிழக்கூடும்; கரையோர நீரிலும் குளிப்பவர்கள் இருக்கலாம். இவற்றையெல்லாம் கருதிய பிறகும் என் நிலைப்பாடு இதுதான்: விமானத்தில் ஏறியவர்கள் ஆபத்தை அறிந்து ஏறியவர்கள், மணலில் விளையாடிய குழந்தை அப்படி எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை, தேர்வு செய்ய முடிகிற நிலையில் ஆபத்து விமானத்தின் பக்கமே சாய வேண்டும்.

பொறுப்பு எஞ்சின் நின்ற நொடியில்தான் தொடங்குகிறது என்றும் எண்ண வேண்டாம். நெருக்கமான குடியிருப்புக்கும் திறந்தவெளிக் கூட்டத்துக்கும் மேலே பறந்தால், அவசரம் நேர்ந்தாலும் கீழே உள்ளவர்களுக்குத் தேவையற்ற ஆபத்து இன்றி இறங்கக்கூடிய உயரத்தில் பறக்க வேண்டும் என்பது பன்னாட்டு வான்விதி. ஆதலால் அந்தப் பாதையையும் உயரத்தையும் யார் தேர்ந்தெடுத்தார்கள், விமானத்தின் தலைவர், அதாவது அந்தப் பறப்புக்கு இறுதிப் பொறுப்பேற்ற விமானி, யார், பயிற்சிப் பள்ளி என்ன சொல்லிக் கொடுத்திருந்தது என்றும் கேளுங்கள்.

இறந்தவர்மேல் பழி போடும் பேச்சை மட்டும் உடனே ஒதுக்கிவிடுங்கள். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவில், புரொப்பெல்லர் கழன்று, முன்கண்ணாடி முழுவதும் எண்ணெய் படிந்த ஒரு லான்சேர் விமானம் கடற்கரையில் இறங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பின்னாலிருந்து மோதப்பட்டு இறந்தார். அவர் காதில் இயர்போன் இருந்தது செய்திகளில் பெரிதாக வந்தது. எஞ்சின் நின்று மிதந்து வரும் விமானம் பெரும் சத்தம் போடாது. கடற்கரையில் நடப்பவர் வானத்தைக் கவனித்துக்கொண்டே நடக்கக் கடமைப்பட்டவரும் அல்லர்.

விசாரணை அறிக்கையை நீதிமன்றத் தீர்ப்பாகப் படிக்காதீர்கள். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, பழியைப் பங்கிடுவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. நீதிமன்றங்களுக்கிடையிலும் அளவுகோல் மாறும். 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் வான்காட்சியில் ஒரு ஹண்டர் ஜெட் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்து, தரையில் இருந்த 11 பேர் இறந்தனர். அது சிறு விமானம் அல்ல என்றாலும் பாடம் இதற்கும் பொருந்தும். 2019இல் குற்றவியல் நடுவர் குழு விமானியை விடுவித்தது. 2022இல் மரண விசாரணை அதிகாரி அவை சட்டவிரோதக் கொலைகள் என்று முடிவு செய்தார். முதலாவதற்கு ஐயமற்ற நிரூபணம் தேவைப்பட்டது, இரண்டாவதற்கு எது அதிகம் நிகழக்கூடியது என்ற அளவே போதுமானதாக இருந்தது.

இழப்பீடு மீண்டும் தனிக் கேள்வி. பிரிட்டனின் 1982ஆம் ஆண்டுச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டப்படி, பறக்கும் விமானத்தால் தரையில் உள்ளவருக்கு இழப்பு நேர்ந்தால், பொதுவாக, கவனக்குறைவை நிரூபிக்காமலேயே உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கலாம். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 18 ஆண்டுகளைக் கடந்த சிறு விமானங்களுக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் விமானத்தில் பயணம் செய்யாதவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. எனவே இறந்தவரின் குடும்பம், குற்றவியல் வழக்கின் முடிவுக்காகக் காத்திராமல், உரிமையாளர், பயிற்சிப் பள்ளி, காப்பீட்டு நிறுவனம், பராமரித்தவர் ஆகியோர் யார் என்பதையும், உரிமை கோருவதற்கான காலக்கெடு எப்போது முடிகிறது என்பதையும் முதல் மாதத்திலேயே ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.